எந்தத் தலைப்பின் கீழ்?

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் 'இதர' பிரிவிலேயே பொழுது போயிற்று. எங்கள் குழு எழுதித் தரும் கட்டற்ற மென்பொருள்கள் இரண்டு. சிறு மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பதிய ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று. இரண்டின் உதவிப் பக்கங்களையும் ஒரே தலைப்பு வரிசைக்குள் கொண்டுவருகிறேன் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கே வைப்பதென்று தெரியாததையெல்லாம் ஆளாளுக்கு 'இதர'வில் கொட்டியிருக்கிறார்கள். ஒரே வேலையை ஒருவர் 'நீக்கம்' என்கிறார், இன்னொருவர் 'அழிப்பு', மற்றொருவர் 'களைதல்'. களைத்துப்போனது நான்தான்.

மார்ச் 6, வியாழன்

'தாடி'யோடு இணையக் கூட்டம். நோயாளிப் பதிவு மென்பொருளை முதலில் எழுதியவர். தாடியை எடுத்துப் பல காலமாகியும் பெயர் போகவில்லை.

"நிரல் எப்படிப் பிரிஞ்சிருக்கோ அப்படித்தாம்மா பக்கமும் பிரியணும்."

"தேடுறவங்களுக்கு நிரல் எங்க சார் தெரியும்? அவங்க செய்யற வேலைய வெச்சுத் தலைப்புப் போடலாமே."

"தெரியலேன்னா கத்துக்கட்டும்."

வழக்கமாக இந்த இடத்தில் இருவரும் சிரித்துவிடுவோம். இன்று சிரிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. துணி மடித்தேன். துண்டை எந்தத் தட்டில் வைப்பதென்று நின்று யோசித்தேன் — சீ.

மார்ச் 12, புதன்

அண்ணி அழைத்தாள். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் பதிவு மேசையில் ஓடுவது எங்கள் மென்பொருள்தான். குரலே சரியில்லை. ஒரே பெயருள்ள இரண்டு பெண்களின் பதிவுகள் ஒன்றாகிவிட்டன. ஒருவருக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு அதில் காணாமல் போய்விட்டது.

"ஊசிய கையில எடுத்துட்டாங்கடி. அந்தம்மாவே 'எனக்கு அது ஆகாதே'ன்னு கத்தலேன்னா... எப்படிப் பிரிக்கிறதுன்னு காலையிலேருந்து தேடறேன். எங்கயுமே இல்ல."

இருக்கிறது. தாடி எழுதிய பக்கம், அருமையான பக்கம். 'தரவுத்தளம் – உள் அட்டவணைகள்' என்ற தலைப்புக்குள் கிடக்கிறது. பதிவு மேசையில இருக்கறவ அங்க எதுக்குப் போவா? யார்தான் போவா?

அதைப் படித்துச் சொல்லி, அவள் பிரித்து முடிக்கும்வரை போனை வைக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

அண்ணியின் மருத்துவமனையில் நடந்ததைக் குழுவில் எழுதினேன். உடனே தாடி அழைத்தார்.

"என் பக்கத்தால ஒரு உயிர் போயிருக்கும்னு எல்லாருக்கும் சொல்றியா?"

"பக்கத்தச் சொல்லல சார். அது இருந்த இடத்தச் சொன்னேன்."

"அந்த இடத்துல வெச்சது யாரு? நாந்தான?"

போனை வைத்துவிட்டார்.

அண்ணிக்காகத்தான் எழுதினேனா, வாதத்தில் ஜெயிக்கவா? ரெண்டும்தான் போல.

மார்ச் 21, வெள்ளி

வாக்கெடுப்பில் என் தலைப்பு வரிசைதான் தேறியது. தாடி வாக்களிக்கவில்லை. மாலையில் குழுவிலிருந்து விலகினார். ஒரே வரி: "பக்கங்கள் இனி உங்கள் பொறுப்பு."

எல்லோரும் வாழ்த்துகிறார்கள். எனக்குப் படுத்தால் போதும் என்றிருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

இடமாற்றம், இடமாற்றம். 'பெயர் குழம்பினால்' என்று புதிய தலைப்பு வைத்தேன். மருந்தகக் குழு கேட்கிறது: பதிவைப் பிரித்தால் மருந்துச் சீட்டுகளும் தாமாகப் பிரியுமா? எனக்குத் தெரியாது. குழுவில் யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 5, சனி

தாடிக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார்.

"பிரியாது. கையாலதான் மாத்தணும். அத முதல் வரியிலயே போடு, கடைசியில போட்டா எவனும் படிக்க மாட்டான்."

பேசிக்கொண்டே அதை முதல் வரியில் தட்டச்சினேன்.

"உங்க அண்ணி எப்படி இருக்காங்க?"

"வேலைக்குப் போறாங்க சார்."

"ம்."

திரும்பி வாருங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

காலையில், குழுவில் இல்லாதவர்கள் உதவிப் பக்கம் எழுதி அனுப்பும் வழியாக ஒன்று வந்திருந்தது: 'பதிவுகளைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை'. அனுப்பியவர் பெயர் இல்லை, புதிய மின்னஞ்சல் முகவரி மட்டும். அந்த நறுக்கென்ற வாக்கியங்களுக்குப் பெயர் தேவையுமில்லை. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'பெயர் குழம்பினால்' என்றிருந்தது.

ஒரு எழுத்தையும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டேன். முதன்முறையாகப் பக்கம் அனுப்பும் புதியவர்களுக்குத் தானாகப் போகும் வரவேற்புச் செய்தி தாடிக்கும் போயிருக்கும்.