வண்டிக்குள் மாட்டிய காற்று

ஐப்பசி 12, செவ்வாய்

புது ரேடியேட்டர் போட்டு மூன்று நாள்தான் ஆகிறது. இன்றும் துறைமுகச் சாலையில் வண்டி கொதித்துவிட்டது. நாளைக் காலை மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போக வேண்டிய வண்டி. சங்கு குளிப்பவர்களுக்குக் கடலடியில் மூச்சுக்காற்று அனுப்பும் கம்ப்ரஸர்களைப் பழுது பார்க்கும் சேவியரிடம் கொண்டுபோனேன்.

அவர் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். "புது சாமான்ல குத்தமில்ல அண்ணாச்சி. மாத்தும்போது உள்ள காத்து மாட்டிக்கிட்டுத் தண்ணிய ஓட விடல. ஹீட்டரு போட்டுப் பாத்தியளா?"

"தூத்துக்குடி வெயில்ல ஹீட்டரு எவன்வே போடுவான்?"

"அதான்! அந்தக் குழாய்லதான் காத்து ஒளிஞ்சு கெடக்கு."

எஞ்சின் ஆறியதும், வள்ளம் இறக்கும் சரிவில் வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தினோம். மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒன்பது வருஷமாக நான் தொடாத ஹீட்டர் திருகை முழுச் சிவப்புக்குத் திருப்பினார். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"இறங்கி வந்து பாருங்க அண்ணாச்சி!"

ரேடியேட்டர் வாயில் குமிழ் குமிழாக வந்தது, கடலுக்கடியில் ஆள் மூச்சு விடுவதுபோல. தண்ணீர் மட்டம் சரசரவென்று இறங்கியது. அவர் கூலன்ட் ஊற்ற ஊற்ற வண்டி குடித்தது. கருப்பட்டியைத் தட்டிப் பார்த்தே கலப்படத்தைச் சொல்லிவிடுகிற நான், அந்த மனிதர் விரலுக்கு முன்னால் வாய்பிளந்து நின்றேன்.

வீடு வரை சூடு காட்டும் ஊசி பாதியைத் தாண்டவில்லை. காலையில் கிளம்பும் முன் மட்டம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் பொறுக்கவில்லை, அதற்குள் இரண்டு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். மகள் ஜன்னலில் நின்று சிரிக்கிறாள்.

"யப்பா, நாளைக்குப் பிரசவம் எனக்கா, வண்டிக்கா?"