மங்கும் நட்சத்திரத்துக்கு நான் எழுதிய நேரம்

சந்தையில் வாங்கிய புளியை நேற்று மாலை பிரித்தேன். அதைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் ஒரு செய்தி. நட்சத்திரங்களுக்கு நடுவே இருப்பது வெறும் வெளி அல்லவாம். கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறுகள் அங்கே இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். புளி வாசனை வீசும் அந்தத் தாளை உன்னிடம் காட்ட உன் அறை வரைக்கும் போய்விட்டேன். நீ போய் ஏழு மாதமாகிறது. அப்போதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தருமபுரியில் ஒரே பள்ளிக்கூடத்தில் நாம் டீச்சர்கள். குடியிருந்ததும் ஒரே வீடு. இருட்டியதும் பள்ளி மைதானத்துக்குக் கடிகாரத்தோடு போவோம். மூன்று நாளைக்கொரு முறை மங்கி மீளும் அந்த நட்சத்திரத்துக்காக. "அது ஒண்ணு இல்லடி, ரெண்டு. மங்கலா இருக்கறது பளிச்சுன்னு இருக்கறத மறைச்சிக்கிட்டு சுத்துது" என்பாய். மிகவும் மங்கிய நேரத்தை நோட்டில் குறிப்பாய்.

ஒரு கார்த்திகையில் உன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நல்லம்பள்ளிக்குப் போனாய். "வெள்ளிக்கிழமை மங்குது. நீ பாத்து எழுதி வெச்சிடு" என்றாய். வெள்ளிக்கிழமை வானம் முழுக்க மேகம். பார்க்கவில்லை என்று எழுதக் கூச்சமாக இருந்தது. நோட்டிலிருந்த முந்தைய நேரங்களையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்டு, ஏழு மணி நாற்பது நிமிடம் என்று எழுதிவிட்டேன்.

நீ அந்த நோட்டைப் பிரதியெடுத்து மலைமேல் இருந்த வானாராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினாய். தை மாதம் பதில் வந்தது. மற்ற நேரங்களெல்லாம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கின்றன, வெள்ளிக்கிழமை நேரம் மட்டும் துல்லியம், அதை அச்சிடப் போகிறோம் என்று.

"உன் கண்ணுதான் கண்ணு!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சொன்னேன்.

நீ கத்தியிருக்கலாம். "மத்ததெல்லாம் நான் நெசமா பாத்ததுடி" என்று மட்டும் சொன்னாய். அன்றே நடந்ததை எழுதி அவர்களுக்குத் தபாலில் சேர்த்தாய். அதன்பின் அவர்கள் எதையும் அச்சிடவில்லை, பதிலும் போடவில்லை. ஒன்பது மாதம் தண்ணீர், அரிசி, விறகு, இவை தவிர நமக்குள் பேச்சில்லை. பேசிவிடலாம் என்று தினமும் உன் கதவுவரை வந்து திரும்புவேன்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு விடியற்காலை, நீயே என் கதவைத் தட்டினாய். "வெளிய வா. வால் நட்சத்திரம்."

கிழக்கே அதன் வால் நீண்டு நின்றது. நீ நோட்டை விரித்துக்கொண்டு, "நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றாய். அவசரமாக, "ரெண்டு வாலு இருக்கு" என்றேன்.

"நெசமா தெரியுதா?"

குரலில் கோபமில்லை. மறுபடி பார்த்தேன். "இல்ல. ஒண்ணுதான்." தலையாட்டிவிட்டு எழுதினாய். வெளிச்சம் வரும்வரை நான் சொல்லச் சொல்ல எழுதினாய். பங்குனியில் டைபாய்டு உன்னைக் கொண்டுபோயிற்று. மன்னித்தேன் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இன்று பரீட்சை நடந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண்ணொருத்தியை நிறுத்திவைத்து, தலைமையாசிரியை என்னிடம் கேட்டார்: "டீச்சர், இவ காப்பியடிச்சத நீங்க பாத்தீங்கதானே? ஆமான்னு சொன்னா பள்ளிக்கூடத்துலேருந்தே பேரை எடுத்துடலாங்க."

பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். காப்பியடித்திருப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆமாம் என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது. கண்ணை மூடி, அந்த நிமிடத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன்.

"பக்கத்துப் பொண்ணு பக்கம் குனிஞ்சதப் பாத்தேங்க. எழுதினதப் பாக்கலைங்க."

"என்னங்க இது, இப்படியுமில்லாம அப்படியுமில்லாம?" என்று அவர் சிடுசிடுத்தார். பேரை எடுக்காமலே பிள்ளையைப் போகச் சொன்னார். பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.