நோலீன் போன வாசல்

அன்பு மகன் ஃபின்டனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், என் முழங்கால் மட்டும் டப்ளின் மழையோடு சண்டை போடுகிறது, அங்கே வான்கூவரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

எதிர்வீட்டு நோலீன் இறந்துபோனதை அப்பா போனில் சொல்லியிருப்பார். அடக்கத்தன்று நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு வம்பு என்றாலே பயம், அதனால் நான் எழுதுகிறேன். நம் பழைய குடியிருப்பை இடித்துவிட்டு இந்தக் கட்டடத்தை எழுப்பியபோது, வீட்டை விலைக்கு வாங்கியவர்களுக்குப் பளிங்குத் தரை போட்ட முன்வாசல், நகராட்சிக்கு வாடகை கட்டும் நமக்குக் குப்பைத் தொட்டிகள் பக்கம் பின்வாசல் என்று பிரித்தார்களே, அதை அவள் கடைசிவரை பொறுக்கவில்லை. சாவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, குப்பை போற வழியா என்னை அனுப்பிடாதடி என்றாள். செத்தவர்களை முன்வாசல் வழியாகத் தோளில் தூக்கிப் போவதுதானே நம் வழக்கம், எந்தப் பரம ஏழைக்கும் அந்த மரியாதை உண்டு.

சவப்பெட்டியோடு கீழே வந்தால் இரண்டு பக்கத்துக்கும் நடுவே உள்ள கண்ணாடிக் கதவு பூட்டியிருக்கிறது. கட்டட மேலாளர் கில்ராய் ஓடிவந்து, பின்பக்கம்தாங்க அகலம், உங்களுக்கே வசதி என்று குழைந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்க வசதியை நீ பார்க்க வேண்டாம் தம்பி, கதவைத் திற என்றேன். அந்தப் பக்கத்துக்காரங்க முகம் சுளிப்பாங்க என்றான். சரி என்று நான் செபமாலையை எடுத்து உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன். சுமந்தவர்கள் பெட்டியை இறக்கவில்லை, தோள் மாற்றிக்கொண்டே நின்றார்கள், வம்புக்குப் பயந்த உன் அப்பாகூட அருள்நிறைந்த மரியே என்று கூரை அதிரச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காபிக் கோப்பையோடு கூட்டம் கூடிவிட்டது. செபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களில் மூன்றாவது முடியுமுன் கில்ராய் முகம் சிவந்து கதவைத் திறந்தான். இந்த ஒரு தடவைதான் என்றான். சாகுறதும் ஒரு தடவைதான் என்றேன். அந்தப் பளிங்கு மேல் நோலீன் ராணி மாதிரிப் போனாள். அழுதேன்டா, ஆனால் தலை குனியவில்லை.

அன்றிலிருந்து நானும் முன்வாசல் வழியாகத்தான் போகிறேன். யாராவது கதவைத் திறக்கும்வரை கடைப்பையோடு நிற்பேன், காலை வணக்கம் சொல்லிவிட்டு அவர்கள் பின்னாலேயே நுழைவேன், நடுவே உள்ள கண்ணாடிக் கதவைத் தட்டினால் கில்ராய் முணுமுணுத்துக்கொண்டே திறக்கிறான். முறைக்கிறார்கள், முறைக்கட்டும், முறைத்தால் பளிங்கு தேய்ந்துவிடாது. அப்பாதான் இன்னும் பின்வாசல் வழியாக வந்து எனக்கு முன்னால் தேநீர் போட்டு வைக்கிறார்.

குளிருக்குக் கம்பளிக் காலுறை போடு, சளியை அலட்சியம் செய்யாதே. ஆண்டவர் உன்னை எந்த வாசலிலும் கைவிட மாட்டார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பழக்கதோஷத்தில் பின்பக்கம் போய் மணி அடிக்காதே, அங்கே திறக்க நான் வர மாட்டேன். முன்வாசலில் நிமிர்ந்து நில், எவ்வளவு நேரமானாலும் நில், நான் உள்ளேயிருந்து வருகிறேன்.

என்றும் உன் அம்மா,
அசம்ப்டா