அப்பா பெயரில் அடித்த நூறு போஸ்டர்

அனுமந்தன்பட்டி,
ஆவணி 9.

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உங்கப்பாவும் சுகம். உங்கப்பா சுகம் என்பதை இரண்டு தடவை எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பாதி ஊர் இன்னும் அதை நம்பவில்லை. நீயும் உன் கூட்டாளிகளும் சென்னையில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் உன் கதையைச் சொல்லிவிட்டு, நான் பேச வந்தால் 'எடிட்டிங்ல இருக்கேம்மா' என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி.

ஆடியில் பன்னிரண்டு நாள் நம் வீட்டில் படம் எடுத்தாய். கையில் காசில்லாமல் எடுக்கிறாய் என்று தெரிந்துதான் வீட்டைக் கொடுத்தோம், உங்கள் எட்டுப் பேருக்கும் மூன்று வேளையும் நான்தான் பொங்கிப் போட்டேன். நடிக்க ஆள் கூப்பிட்டால் செலவென்று பிணமாகப் படுக்க உங்கப்பாவையே கேட்டாய், அதற்கும் தலையாட்டினோம். மூக்கில் பஞ்சும் நெற்றியில் காசுமாக அவர் கிடந்ததைப் பார்க்க மாட்டாமல் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன், அந்த மனுஷன் என்னடாவென்றால் நல்ல தூக்கம் என்று எழுந்து டீ கேட்டார். அதோடு விட்டாயா? கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் அவர் படத்தைப் போட்டு, மொக்கைச்சாமி என்று அவர் சொந்தப் பெயரையே போட்டாய். ஏனடி என்று கேட்டால், வீட்டு வாசலில் இருக்கிற பெயர்ப் பலகை படத்தில் தெரிகிறதாம், புதுசு எழுதினால் அதற்கும் செலவாம். காட்சிக்கு வேண்டியது ஐந்து போஸ்டர். அச்சகத்தில் ஐந்து அடித்தாலும் நூறு அடித்தாலும் ஒரே கூலி என்று சொன்னதும் நூறாக அடித்துக்கொண்டு வந்தாய். மிச்சத்தை வீணாக்குவானேன், கதாநாயகி பஸ்ஸில் வரும்போது பின்னால் தெரியட்டும் என்று உத்தமபாளையம் ரோடு முழுக்க ஒட்ட வைத்தாய். அடி பாவி, சிக்கனம் பிடிக்க உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

மறுநாள் காலையில் பந்தல்கார சுயம்புலிங்கம் நாம் கூப்பிடாமலே ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். உங்கப்பா பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்குப் போக, அவர் ரெண்டு எட்டுப் பின்னால் போய் வண்டியைப் பிடித்துக்கொண்டார். அப்போதே போஸ்டரைக் கிழி என்று சொன்னேன். 'பஸ் ஷாட் முடியட்டும்மா' என்றாய். போன வாரம் உங்கப்பா உரம் வாங்கப் போன இடத்தில், 'மொக்கைச்சாமி தவறிட்டாகளே, நீங்க அவுக தம்பியா' என்று கேட்டார்களாம். சிரித்துக்கொண்டே வந்து சொல்கிறார். சரி, இதையெல்லாம் நானும் சிரித்துத் தொலைத்துவிடுவேன்.

உன் அத்தையை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. சந்தனம்மாள் உங்கப்பாவுக்கு ஒரே தங்கச்சி. போஸ்டரை யாரோ போட்டோ பிடித்து அவள் இருக்கிற பழனிசெட்டிபட்டிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் எங்களுக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறாள். ஷூட்டிங்கில் சத்தம் வரக் கூடாதென்று எங்கள் ரெண்டு பேர் போனையும் நீதானே அணைத்து வாங்கி வைத்திருந்தாய்? காலில் செருப்புக்கூட இல்லாமல் பஸ் ஏறியிருக்கிறாள். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே அண்ணன் முகம். தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தவள், காட்சிக்காகப் பெஞ்சில் பிணமாகக் கிடந்தவர் மேல் அப்படியே விழுந்தாள். உங்கப்பா, அத்தையையும் நடிக்கக் கூப்பிட்டிருக்கிறாய் போல என்று கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்திருக்கிறார், அவர் புத்தி அவ்வளவுதான். ஆனால் நீ? கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவள் நீ. வந்தது யாரென்று உனக்குத் தெரியும், எதற்காக அழுகிறாள் என்றும் தெரியும். கட் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து அவளைத் தூக்குகிற வரைக்கும் உன் வாய் திறக்கவில்லை. உங்கப்பா எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து அவள் மயங்கி விழுந்தாள். அதையாவது எடுக்காமல் விட்டாயே, அந்த மட்டுக்கும் புண்ணியம். இப்போது போனில் குதியாய்க் குதிக்கிறாய், அந்த அழுகைதான் படத்துக்கே உயிராம், எத்தனை லட்சம் கொட்டினாலும் அப்படி அழ ஆள் கிடைக்காதாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு சினிமா தெரியாது. ஆனால் கையில் ஒன்றுமில்லாமல் உன் அக்கா கல்யாணத்தை நடத்தியவள் நான், அந்த உரிமையில் சொல்கிறேன், கேட்டுக்கொள். காசில்லாதவர்கள் முதலில் செய்ய வேண்டியது வீடு வீடாகப் போய்ச் சொல்வது. தெருவில் நாலு பேரிடம் இன்ன தேதியில் இப்படி ஒரு காட்சி எடுக்கிறோம் என்று சொல்லியிருந்தால், அழுவதற்கும் அவர்களே வந்திருப்பார்கள், பாயும் கொண்டு வந்திருப்பார்கள். வேலை செய்கிறவர்களுக்கு வேளைக்குச் சோறு போடு. நான் பொங்கி வைத்தும் நீ விடாமல் உன் கேமராக்காரப் பிள்ளை ஒரு நாள் நாலு மணிக்குத்தான் சாப்பிட்டான், அன்று அவன் எடுத்தது ஒன்றும் சரியில்லை என்று நீயே திட்டினாய். ஆடிக் காற்றில் நம் பள்ளத்தாக்கில் வாழையே நிற்காது, அதில் வந்து பேச்சுச் சத்தம் பிடிக்கிறேன் என்றால் எப்படி? பாதிக்கு மேல் உஸ் உஸ்ஸென்று இருக்கிறது, மறுபடி பேசிச் சேர்க்க வேண்டுமென்று இப்போது புலம்புகிறாய். தை, மாசியில் வந்திருந்தால் அந்தச் செலவே இல்லை. கேரளாவிலிருந்து வந்த அந்தப் பொண்ணு, சவுண்டுக்காரி, முதல் நாளே காற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், நீ காதில் வாங்கவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் கேள். இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவிக் கொடு, மேலத்தெருக் குண்டானை நான்தான் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். எது இரவலாகக் கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்தால்தான் சிக்கனமாக எதையும் செய்ய முடியும். வீடு கிடைக்கும், பெஞ்சு கிடைக்கும், உங்கப்பாவும் கிடைப்பார். அத்தை அழுகையை யாரைக் கேட்டு எடுத்தாய்?

அவளை எடுத்திருப்பதே அவளுக்குத் தெரியாது என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. உங்கப்பா, பிள்ளை பிழைத்துப்போகட்டும் விடு என்றார். என்னால் முடியவில்லை, வெள்ளிக்கிழமை நானே பழனிசெட்டிபட்டிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். வைவாள் என்று நினைத்தேன், வைதிருந்தால் தேவலை. உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். அப்புறம் சொன்னாள், 'மதினி, நாளைக்கு நெசமாவே எங்கண்ணன் போயிட்டாகன்னா நான் விழுந்து அழுவேன்ல, அப்ப ஊரே நின்னு, சினிமாவுல அழுத மாதிரியே அழுகுறாளேன்னுதான பாக்கும்? எங்கண்ணனுக்குன்னு நான் கடைசியா செய்யுறதுக்கு வச்சிருந்தது அது ஒண்ணுதான் மதினி.' கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீதான் ஆத்தா. தீபாவளி வரை தள்ளாதே, இந்த மாசமே வா. எடுத்ததை அவளுக்குப் போட்டுக் காட்டு. அவள் வை என்றால் வை, வேண்டாம் என்றால் அவள் கண் முன்னாலேயே அழித்துவிடு, படத்துக்கு உயிர் போனால் போகட்டும். நீ கெட்டிக்காரி, இன்னும் பத்துப் படம் எடுப்பாய், சுருளி வேலப்பர் உனக்குத் துணையிருப்பார். வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. ஒன்று மறக்காதே. வரும்போது நேரே நம் வீட்டுக்கு வராதே. பஸ் பழனிசெட்டிபட்டி வழியாகத்தான் வரும், அங்கேயே இறங்கு.

ஆசியுடன்,
உன் அம்மா.