அலை பார்க்கும் ரேடாரை எங்கள் ஊரிலேயே விட்டுவைக்க வேண்டி

அனுப்புநர்:
சூ. பர்னபாஸ், வயது 71,
கட்டுமரத் தொழில், சவேரியார்துறை,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: கடற்கரை ரேடாரை வேறு ஊருக்கு மாற்ற வேண்டாம் என்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வலையைக் காயப்போட்டது நான்தான். இல்லையென்று எப்போது சொன்னேன்? ஆனால் ரேடார் இன்ஜினியர் சிவசங்கரன் தங்களுக்கு எழுதியதுபோல், அரசாங்கப் பொருளைக் கெடுக்கும் நோக்கம் எனக்குக் கிடையாது.

1. போன தை மாதம் எங்கள் கரையில் வரிசையாகக் கம்பங்கள் நட்டார்கள். பேரலை புறப்பட்டால், அது கரை சேர அரை மணிக்கு முன்பே நீரோட்டத்தை வைத்து ரேடார் சொல்லிவிடுமாம். ஜப்பானில் அந்த அலைக்குச் சுனாமி என்று பெயராம். நல்ல காரியம். ஆனால் எங்கள் ஊரில் கரையில் கம்பு நட்டால் அது வலை காயத்தான். யாரும் யாரையும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

2. ஈயக்குண்டு கோத்த என் ஈரவலையைக் கண்டு ரேடார் மிரண்டு, பேரலை என்று படம் காட்டியது. இன்ஜினியர் கோயில் மணிக்கூண்டில் ஏறித் தம் கையாலேயே மணியடித்தார். ஊரே செம்மணல் தேரிமேட்டுக்கு ஓடியது. பக்கத்து வீட்டு டெல்பின் கொதிக்கிற குழம்புச் சட்டியோடு ஓடினாள். கடலோ குளம்போலக் கிடந்தது.

3. இன்ஜினியர் மட்டும் மணிக்கூண்டைவிட்டு இறங்கவில்லை. "வே இன்ஜினியரே, அலை ஒமக்குப் பயந்து திரும்பிப் போயிட்டு. பைய எறங்கும்வே!" என்றேன். ஊர் சிரித்தது. "ஒம்ம ஊருக்கு இனி இந்த மிஷினே கெடையாதுவே!" என்று மேலிருந்தே கத்தினார். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இனிமேல் சிரிக்க மாட்டேன் என்று மட்டும் எழுத முடியாது, பொய்யாகிவிடும்.

4. என் குற்றம் வேறு. மணி கேட்டதும் நானும்தான் ஓடினேன். பாதி வழியில்தான், நடக்க முடியாத என் மனைவி தெரசாவின் ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினேன். ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தவள், "வந்துட்டியளா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நானும் மருமகன் ஜெர்வினும் அவளைக் கட்டிலோடு தூக்கிப் பார்த்தோம். "சப்பரம் மாதிரி ஆட்டாதியய்யா" என்று வழியெல்லாம் ஏச்சு. மேடு சேர இருபது நிமிடம். ரேடார் இருந்தால் பத்து நிமிடம் மிச்சம். அந்தப் பத்து நிமிடத்தை எங்களிடமிருந்து எடுத்துவிட வேண்டாம் ஐயா.

5. வலைக்கு வேறு கம்பு நாங்களே நட்டுக்கொள்கிறோம். மேலும்

இதுக்கு மேல என் சொந்தக் கையெழுத்து. மனு எழுதித் தந்த சிவசைலம் அண்ணாச்சி, ஆழ்வார்குறிச்சி பஸ்ஸைக் கண்டதும் நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பேனாவை மூடிட்டுப் போயிட்டாவ. சொல்ல வந்தது இதுதான்: மிஷின் இருக்கட்டும், இன்ஜினியரும் இருக்கட்டும். எங்க கோயில் உபதேசியாரைவிட அவுக மணி நல்லா அடிக்காவ.

இடம்: திருநெல்வேலி
நாள்: 11.3.1997

இப்படிக்கு,
சூ. பர்னபாஸ்