மழை நாளில் வாருங்கள்

பக்பி மதகுகளுக்கு மேலே, கால்வாய்க் கரை
3 அக்டோபர் 1983

மதிப்புக்குரிய கோல்ஸ் அவர்களுக்கு,

டார்கஸ் எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். உங்கள் மூச்சிரைப்பு தேவலையா?

நேற்று தேநீரோடு தேநீராக நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம். கல்யாணம் பண்ணிக்கொண்டு படகிலேயே வந்து இருந்துகொள்கிறேன் என்கிறீர்கள். நாற்பது வருஷம் ரொட்டி அடுப்புக்கு முன்னால் நின்றவர், நடக்கிற அகலமே இரண்டு முழம் உள்ள என் படகில் எப்படி இருப்பீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

என் பேத்தி ரோவீனா பர்மிங்ஹாமில் பாலம் கட்டப் படிக்கிறாள். பாலத்துக்கு அடியிலேயே படகு ஓட்டிப் பிழைத்த எங்கள் குடும்பத்தில் பாலத்துக்கு மேலே நின்று வேலை பார்க்கப் போகிற முதல் ஆள்! நான் ஐந்தாவதோடு நின்றவள். படகு நின்ற ஊரிலெல்லாம் ஒரு பள்ளிக்கூடம், ஒரு பிரம்படி. அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஆளு எப்படி பாட்டி?" என்றாள். "ரொட்டி நல்லா சுடுவாரு, மத்தது தெரியல" என்றேன்.

மற்றதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வியாழக்கிழமை வாருங்கள். நாள் பூரா மூட்டமும் தூறலும்தானாம். அதனால்தான் அந்த நாள். வெயில் அடித்தால் எவனுக்கும் படகு பிடிக்கும். கால்வாய்ச் சுரங்கம் தாண்டி, ஆறு மதகு இறங்கி, பிரான்ஸ்டன் போய்ச் சேர்வோம். மதகு என்றால் தொட்டி மாதிரி, உள்ளே நிறுத்தித் தண்ணீரை வடித்தால் படகும் கூடவே இறங்கும். பதிலை அங்கே சொல்கிறேன். தடித்த கோட்டு கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
டார்கஸ் லிட்டில்மோர்


டேவன்ட்ரி
8 அக்டோபர் 1983

அன்புள்ள டார்கஸ் அம்மையாருக்கு,

வில்ஃப்ரெட் கோல்ஸ் மிகுந்த தலைகுனிவோடு எழுதுவது. பிரான்ஸ்டன் கடையில் இதை உங்களிடம் சேர்ப்பிப்பார்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாவது மதகு வரைக்கும் அது என் வாழ்நாளின் நல்ல நாட்களில் ஒன்று. சாம்பல் வானம், சாம்பல் தண்ணீர், நடுவில் உங்கள் சிவப்புத் தொப்பி. சுரங்கத்துக்குள் கழுத்தில் சொட்டிய தண்ணீர்கூட எனக்குப் பிடித்தது. சுக்கானைக் கையில் தந்து, "எருமை மாதிரி நினைச்சுக்குங்க, மெதுவாத்தான் திரும்பும்" என்றீர்களே, அப்போது எனக்கு இருபது வயது.

பிறகு அந்தக் கயிறு. கையில் பிடித்திருங்கள், தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொடுங்கள் என்று சொல்லித்தான் போனீர்கள். மதகைத் திறக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. படகு நகர்ந்துவிடக் கூடாதே என்று கரைத் தூணில் நல்ல முடிச்சாகப் போட்டுவிட்டேன். மாவு மூட்டைக்குப் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். தண்ணீர் இறங்கிவிட்டது, படகு இறங்கவில்லை. அது ஒருபக்கமாகத் தொங்கிச் சாய்ந்ததும், உள்ளே தட்டுகள் உடைந்ததும் இன்னும் காதில் இருக்கின்றன. நீங்கள் ரொட்டிக் கத்தியோடு கூரைமேல் ஏறிக் கயிற்றை அறுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்!

தூண்டில்காரர் ஒருவர், "என்ன ஐயா, தூண்டில்ல படகே மாட்டிக்கிச்சா?" என்று கேட்டது எனக்குத் தகும். நீங்கள் திட்டியதும் தகும். அதன்பிறகு மூன்று மதகுகளுக்கு நீங்கள் வாய் திறக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் "போயிட்டு வாங்க" என்றதோடு சரி. பதில் எனக்குப் புரிந்தது.

ஆகவே ஞாயிறன்று கேட்டதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உடைந்த தட்டுகளுக்குப் பதில் ஆறு தட்டு அனுப்புகிறேன்.

என்றும் மதிப்புடன்,
வில்ஃப்ரெட் கோல்ஸ்


பிரான்ஸ்டன்
10 அக்டோபர் 1983

வில்ஃப்ரெட்,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன், பிறகு அடுப்புக்குக் கரி போட்டேன்.

நான் என்ன சொல்லித் திட்டினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் மரியாதைக்கு எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், நானே எழுதுகிறேன். "அட மடச் சாம்பிராணி! கயித்தை விடச் சொன்னா கட்டிப் போட்டுட்டு நிக்கிறியே, உன் மண்டையில இருக்கிறது மூளையா மாவா?"

என் வீட்டுக்காரர் ஜாஸ்பர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஒன்பது வருஷத்தில் நான் யாரையும் திட்டவில்லை. மகள் வந்தால் பதவிசாகப் பேசுவேன். பக்கத்துப் படகுக்காரர் என் படகை இடித்தால்கூட "பரவாயில்லைங்க" என்பேன். தனியாக இருக்கிறவள் எல்லாரிடமும் நல்லவளாக இருந்தாக வேண்டும், என்ன செய்வது? ஜாஸ்பரைத்தான் நான் அப்படித் திட்டுவேன். முப்பத்தொரு வருஷம், ஒவ்வொரு மதகிலும். அவர் புகைக்குழாயைப் பற்ற வைத்துக்கொண்டு, "இன்னிக்கு குரல் நல்லா இருக்கே" என்பார்.

வியாழக்கிழமை வாயிலிருந்து அது வந்ததும் எனக்கே திக்கென்றது. அந்த மூன்று மதகும் நான் பேசாமல் வந்தது கோபத்தில் இல்லை. வெட்கத்தில். வேற்று ஆளை இப்படி உரிமையாகத் திட்டிவிட்டோமே, எப்போது இவர் வேற்று ஆள் இல்லாமல் போனார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மழைத்துளி என் மூக்கில் சொட்டிக்கொண்டிருந்தது, நீங்கள் கைக்குட்டையை நீட்டினீர்கள். அதுவும் மாவு வாசனை அடித்தது.

தட்டு ஆறு வேண்டாம். படகில் ஆறு வைக்க இடம் இல்லை. இரண்டு போதும்.

வியாழக்கிழமை மறுபடியும் மூட்டமாம். ஒன்பது மணிப் பேருந்தில் வந்துவிடுங்கள். திரும்ப வாங்கிக்கொண்ட கேள்வியை மறுபடி கேளுங்கள், இந்தத் தடவை பாத்திரம் கழுவப் போகமாட்டேன்.

உங்கள்
டார்கஸ்