தவறு என்னுடையது, பாசி எண்ணெய்க்கான தடையை நீக்குக

அனுப்புநர்:
ஓட்டுநர், மூன்றாம் எண் பயணிகள் படகு,
தெற்குத் துறை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
படகுப் போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: பாசி எண்ணெய்க்கு விதித்த தடையை நீக்கவும், எனது வாக்குமூலத்தைத் திருத்தவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் நான்காம் தேதி காலை எனது படகு நடு ஆற்றில் நின்றுபோனதைத் தாங்கள் அறிவீர்கள். முப்பத்தொரு பயணிகள், அவர்களில் ஒருவர் பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்த நிறைமாதப் பெண். மீன்பிடிப் படகொன்று கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்க்க நாற்பது நிமிடம் ஆனது. தாயும் சேயும் நலம்.

2. அந்த வாரம்தான் டீசலுக்குப் பதிலாக நுண்பாசியில் எடுத்த எண்ணெயை ஊற்றத் தொடங்கியிருந்தோம். அதைத் தயாரிப்பவர் என் உடன்பிறந்த தங்கை. விசாரணையில், பயத்தில், எண்ணெய்தான் காரணம் என்று சொல்லிவிட்டேன். தடை வந்தது. தங்கையின் பாசித் தொட்டிகள் மூடப்பட்டன.

3. நேற்று பரிசோதனை அறிக்கை வந்தது. எண்ணெயில் குற்றமில்லை. டீசலைப் போல எளிதில் தீப்பற்றாது. கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். இன்ஜின் பாகங்கள் தேயாமல் வழவழப்பும் தருகிறது. ஆனால் பழைய கசடைக் கரைக்கும் குணம் அதற்கு உண்டு. என் டாங்கின் அடியில் பதினெட்டு ஆண்டு டீசல் கசடு. அது பெயர்ந்து வந்து ஃபில்டரை அடைத்திருக்கிறது.

4. ஐயா, இது எனக்கு முன்பே சொல்லப்பட்டது. முதல் நாளே தங்கை படகில் ஏறி, இரண்டு புது ஃபில்டர்களைக் கையில் கொடுத்து, "அண்ணே, இந்த எண்ணெய் டாங்கையே கழுவி விட்டுடும். ரெண்டு நாளைக்கு ஒருதரம் மாத்திடு, சரியா?" என்றார். "எனக்கே இன்ஜின் பாடமா?" என்று சிரித்தேன். ஃபில்டர்கள் உறை பிரியாமல் இருக்கைக்கு அடியில் கிடக்கின்றன. இதை நான் மறைத்தேன். தங்கையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

5. அறிக்கையோடு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள வா. சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். ஆறு வாரமாக நெஞ்சை அழுத்தியது அந்த வாசலிலேயே இறங்கிவிட்டது.

ஆகவே, தடையை நீக்கித் தொட்டிகளைத் திறக்க ஆணையிடுமாறும், தவறு ஓட்டுநருடையது எனக் கோப்பில் பதியுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். எனக்கு என்ன தண்டனை விதித்தாலும் நிம்மதியாக ஏற்றுக்கொள்வேன். இம்மனுவைத் தங்கையிடம் காட்டவில்லை. காட்டினால் அனுப்ப விடமாட்டார்.

இடம்: தெற்குத் துறை
நாள்: இம்மாதம் பதினாறு

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மூன்றாம் எண் படகு ஓட்டுநர்